பங்கை விற்றுக் காசாக்கி வைத்துக்கொள்ளலாமா? திருப்பூர்க் கணக்கு ஆபீசில் அடிக்கடி வரும் கேள்விகள்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். மியூச்சுவல் ஃபண்ட் விற்பதில்லை, யாரிடமும் கமிஷன் வாங்குவதில்லை. ஆனாலும் ஜூலை மாதம் வரி ரிட்டர்ன் போட வருகிறவர்கள் வேலை முடிந்ததும் எழுந்து போவதில்லை. "அப்புறம், ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேனுங்க" என்று நாற்காலியை முன்னால் இழுப்பார்கள். பெரும்பாலும் ஒரே சங்கதிதான்: பங்குச் சந்தையில் போட்டதை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வது நல்லதா? வாயால் சொல்லிச் சலித்துவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன்.

சந்தை ரொம்ப மேலே போயிருச்சு. எல்லாத்தையும் வித்துட்டு ரொக்கமா வச்சுக்கட்டுங்களா?

அந்தப் பணத்துக்குத் தேதி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். வருகிற தை மாதம் மகள் கல்யாணம், ஜூனில் பையனுக்குக் காலேஜ் ஃபீஸ், அடுத்த வருடம் வீட்டுக்கு மேல்மாடி என்று மூன்று வருடத்துக்குள் வேலை இருக்கிற பணம் என்றால் விற்றுவிடுங்கள். சந்தை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்க்கவே வேண்டாம். அந்தப் பணம் அங்கே போயிருக்கவே கூடாது.

தேதி இல்லாத பணம் என்றால், "மேலே போயிருச்சு" என்பது மட்டும் விற்கக் காரணம் ஆகாது. 2014 மே மாதம் மும்பைப் பங்குச் சந்தையின் குறியீட்டு எண்ணான சென்செக்ஸ் 25,000-ஐத் தொட்டபோது இதே நாற்காலியில் இதே கேள்வி வந்தது. 2018 ஜனவரியில் 36,000, 2021 ஜனவரியில் 50,000, 2024 செப்டம்பரில் 85,000. ஒவ்வொரு தடவையும் அது உச்சம்தான். சில தடவை அதற்குப் பிறகு நன்றாகவே விழுந்தது. ஆனால் 25,000-ல் விற்றவருக்கு அந்த விலை மறுபடி வந்ததெல்லாம் 2015 கடைசியிலும் 2016-லும் சில மாதம். 2020 மார்ச்சிலும் ஏறக்குறைய அந்த விலைக்கு வந்து திரும்பியது. அந்த நாட்களில் போய் வாங்கினவர்கள் எத்தனை பேர் என்பதைக் கீழே சொல்கிறேன்.

இன்னொன்று, வரி. 10 லட்சம் போட்டது 25 லட்சமாகியிருக்கிறது என்று வையுங்கள். லாபம் 15 லட்சம். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் 1.25 லட்சம் போக மீதிக்கு 12.5 சதவீதம். செஸ் என்கிற கூடுதல் வரியைச் சேர்க்காமலே 1,71,875 ரூபாய். என்றைக்கோ கட்டப்போகிற வரிதான், ஆனால் இன்றைக்கே கட்டுகிறீர்கள். கிட்டத்தட்ட 7 சதவீதம் சந்தை விழுந்து, அப்போது நீங்கள் தவறாமல் திரும்ப வாங்கினால்தான் விற்ற இடத்துக்கே வந்து சேருவீர்கள்.

ரொக்கம்னு எதைச் சொல்றீங்க?

பீரோவில் இருப்பதைச் சொல்லவில்லை. 2016 நவம்பர் 8-ம் தேதி ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். மறுநாள் காலையில் எங்கள் அம்மிச்சி ராகி போட்டு வைக்கும் அடுக்குப்பானைக்குள் கைவிட்டு, சுருட்டி ரப்பர் போட்ட நோட்டுக்கட்டு ஒன்றை எடுத்து வைத்தார். நோட்டெல்லாம் ராகி மாவு. வீட்டில் ஒருவருக்கும் தெரியாத காசு. வங்கிக் கணக்கில் கட்ட டிசம்பர் 30 வரை அவகாசம் இருந்ததால் வரிசையில் நின்று கட்டினோம். அந்தப் பானையில் அது எத்தனை வருடம் கிடந்தது என்று அவரே சொல்லவில்லை.

நான் ரொக்கம் என்பது நாளைக்கோ நாளன்றைக்கோ முழுசாகக் கைக்கு வருகிற பணம்: சேமிப்புக் கணக்கு, நடுவில் உடைக்கக்கூடிய எஃப்.டி., குறுகியகாலக் கடன் பத்திரங்களில் போடும் லிக்விட் ஃபண்ட். வீட்டில் நோட்டாக ஒரு மாதச் செலவுக்கு இருந்தால் போதும்.

எவ்வளவு இருக்கோணும்? ஆறு மாசச் செலவுன்னு எல்லாரும் சொல்றாங்களே?

ஆறு மாதம் என்பது எங்கேயோ மாதச் சம்பளம் வாங்குகிறவருக்குச் சொன்ன கணக்கு. பள்ளிக்கூட வாத்தியாருக்கு நாலு மாதம் போதும். பனியன் தொழிலில் இருக்கிறவருக்கு ஒரு வருடம்கூடக் கம்மிதான்.

ஏன் என்றால், இந்த ஊர் எப்படி எப்படி நின்றிருக்கிறது என்று பாருங்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடின. துணி இருந்தும் சாயம் போட இடம் இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2022-ல் நூல் விலை ஏறி, மே மாதம் கடையடைப்பு வரை போனது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. பதினைந்து வருடத்துக்குள் நாலு தடவை. இதில் 2011-ஐ மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும்: பட்டறை மூடிய அதே வருடம் சென்செக்ஸும் 20,000-க்கு மேலிருந்து 15,000 பக்கம் வந்தது. 2020-லும் தொழிலும் பங்கும் சேர்ந்தே விழுந்தன. அதாவது உங்களுக்குப் பணம் அவசரமாகத் தேவைப்படும் நாளும், பங்குக்கு விலை இல்லாத நாளும் ஒன்றாக வந்து நிற்கும். 2025-ல் நேர்மாறு, சந்தை பெரிதாக அசையவில்லை, திருப்பூர் அசைந்தது.

கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கும் ஒருவர் எனக்குப் பழக்கம். 22 டெய்லர்கள். இங்கே சம்பளம் வாரச் சம்பளம், சனிக்கிழமை சாயங்காலம் கொடுத்தாக வேண்டும். 2020 மார்ச் கடைசியில் கம்பெனியிலிருந்து வரவேண்டிய பில் பணம் நின்றுவிட்டது. ஊருக்குப் போக பஸ் இல்லாமல் ஷெட்டிலேயே தங்கிவிட்ட பையன்களுக்கு அரிசி வாங்கக்கூட இவர்தான் கொடுக்க வேண்டும். போனில் என்னைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டே ஃபண்டை விற்றார். போட்டது 6 லட்சம். அன்றைக்கு வந்தது 4 லட்சத்துச் சொச்சம். பட்டனை அமுக்குவதற்கு முன்னால் "வேற வழியில்லீங்களே?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பேங்கில் இன்னும் 4 லட்சம் எஃப்.டி. இருந்திருந்தால் அந்த 6 லட்சத்தைத் தொட்டிருக்க வேண்டாம். அந்த வருடம் தீபாவளிக்குள் நஷ்டமில்லாமல் மேலே வந்திருக்கும். ரொக்கத்துக்கு வட்டி கம்மி என்று சொல்கிறவர்கள் இந்த 2 லட்சத்தையும் கணக்கில் எழுத வேண்டும்.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு வேறு கணக்கு. போர்வெல் ஆயிரம் அடி தாண்டியும் புகைதான் வருகிறது, மோட்டார் காயில் போய்விட்டது, தென்னைக்கு டேங்கர் தண்ணீர் விட வேண்டும். இதெல்லாம் மாதச் செலவில் வராது. கடைசியாகப் போட்ட போருக்கு ஆன செலவையும் ஒரு வருட வீட்டுச் செலவையும் கூட்டி வையுங்கள் என்பேன்.

விழட்டும், வாங்கிக்கலாம்னு காசு வச்சுட்டுக் காத்திருந்தா என்னங்க தப்பு?

என் மாமனார் கதையைச் சொல்கிறேன், அவர் அனுமதியோடுதான்.

கொடுமுடிப் பக்கம் மஞ்சள் காடு. 2010 கடைசியில் ஈரோட்டில் மஞ்சள் குவிண்டால் 16,000 ரூபாய் பக்கம் போனது. அதற்கு முன் யாரும் பார்த்திராத விலை. மாமனார் விற்கவில்லை, 20,000 போகும் என்றார். விரலியும் கிழங்குமாக மூட்டைகளைக் குடோனில் ஏற்றினார். மாதாமாதம் வாடகை. 2012-ல் விலை 4,000 பக்கம் வந்துவிட்டது. ஒரு நாள் அவரோடு குடோனுக்குப் போனேன். கொக்கியால் மூட்டையைக் குத்தி ஒரு விரலியை எடுத்து ஒடித்தார். உள்ளே வண்டு துளைத்த பொடி விரலில் ஒட்டியது. ஊதிவிட்டு ஒன்றும் பேசாமல் வெளியே வந்தார். அந்த வாரமே தள்ளிவிட்டார்.

அந்தப் பணம் எஃப்.டி.க்குப் போனது. பங்கு வாங்கலாமே என்றால், "விழட்டும் மாப்பிள்ளை" என்பார். எட்டு வருடம் அதே பதில். 2020 மார்ச் 23-ம் தேதி சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளி, 13 சதவீதம், விழுந்து 26,000-க்கும் கீழே வந்தது. ஜனவரியில் 42,000 இருந்தது. நான் போன் செய்தேன். "மாமா, நீங்க காத்திருந்தது இதுக்குத்தானுங்களே?"

"பொறுங்க மாப்பிள்ளை, இன்னும் எறங்கும்."

ஏப்ரல் 7-ம் தேதி ஒரே நாளில் 9 சதவீதம் ஏறியது. "இது சும்மா ஏத்தம், நிக்காது" என்றார். நவம்பரில் 42,000-ஐத் தாண்டியது. ஜனவரியில் 50,000-ஐத் தொட்டபோது, "இப்ப ரொம்ப மேலே இருக்குங்க, விழட்டும்" என்றார்.

அவரை நான் கேலி செய்வதாக நினைக்க வேண்டாம். விவரம் தெரிந்த மனிதர். 16,000-ல் விற்க விடாமல் தடுத்ததும் 26,000-ல் வாங்க விடாமல் தடுத்ததும் ஒரே புத்திதான். அது எனக்கும் உண்டு. விலை விழும்போது அதோடு கெட்ட சேதியும் சேர்ந்து வருகிறது. டி.வி.யில் ஆம்புலன்ஸ் ஓடிக்கொண்டிருந்த வாரம் அது. வாங்குகிறேன் என்று அதற்கு முன்னால் சொன்ன ஆள் வேறு, அந்த வாரம் போனை எடுத்த ஆள் வேறு.

அப்படியும் காத்திருந்துதான் தீருவேன் என்றால், எந்த விலையில் எவ்வளவு வாங்குவேன் என்று இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வீட்டுக்காரம்மாவிடம் கொடுங்கள். 20 சதவீதம் விழுந்தால் இவ்வளவு, 30 விழுந்தால் இவ்வளவு. நோட்டைக் கேட்டால் பாதிப் பேர் எழுத மாட்டேன் என்கிறார்கள்.

விழ ஆரம்பிச்ச உடனே வெளியே வந்துட்டு, அடங்கின பிறகு உள்ளே போனா?

இதைச் செய்து பார்த்தவன் நான். 2008 ஜனவரியில் 21,000 இருந்த சென்செக்ஸ் அக்டோபரில் ஒரு நாள் 8,000-க்கும் கீழே போனது. அந்த மாதம் இருந்ததையெல்லாம் விற்றேன். ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் வந்தது, பொய் சொல்லக் கூடாது. 2009 மே 18-ம் தேதி, தேர்தல் முடிவு வந்த அடுத்த திங்கட்கிழமை, சந்தை ஒரே நாளில் 17 சதவீதம் ஏறி, வர்த்தகத்தையே நிறுத்திவிட்டார்கள். வாங்கலாம் என்று நினைத்தால்கூட வாங்க முடியாத நாள். "அடங்கட்டும்" என்று மறுபடி உட்கார்ந்தேன். நான் திரும்ப உள்ளே போனது 2010 தீபாவளிக்கு, 21,000 பக்கத்தில். கணக்கு எழுதுகிறவன் செய்கிற வேலையா இது!

பஃபெட்டே ரொக்கமா வச்சிருக்காரே?

அமெரிக்காவின் பெயர்பெற்ற முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் நிறுவனம் 2024 கடைசியில் ஏறத்தாழ 33,400 கோடி டாலரை ரொக்கமாகவும் அமெரிக்க அரசின் குறுகியகாலப் பத்திரங்களாகவும் வைத்திருந்தது உண்மை. அது காப்பீட்டு வியாபாரம் செய்கிற நிறுவனம். ஒரு பெரும் புயலடித்தால் மறுநாளே இழப்பீடு கொடுக்க வேண்டும். வாங்குவதென்றால் முழுக் கம்பெனியாக வாங்குவார்கள். அப்போதும்கூடப் பெரும் பகுதி பங்குகளிலும் சொந்தத் தொழில்களிலும்தான் இருந்தது; 2025 பிப்ரவரியில் பங்குதாரர்களுக்கு அனுப்பிய கடிதத்தில் அவரே அதைத் தெளிவாக எழுதியிருந்தார். பேப்பரில் தலைப்பு மட்டும் படித்துவிட்டு வருகிறார்கள்.

எஃப்.டி.யே போதாதுங்களா? நட்டமே வராதே.

போதும் என்கிறவர்களும் இருக்கிறார்கள், கடைசிக் கேள்வியில் சொல்கிறேன். பொதுவாக: எஃப்.டி. 6.5 சதவீதம் தருகிறது, நீங்கள் 30 சதவீத வரியில் இருக்கிறீர்கள் என்றால் கையில் நிற்பது 4.5 சதவீதம். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் எல்லாம் இரண்டு மடங்கு. பாஸ்புக்கில் எண் குறையாது, ஆனால் குடோனில் அந்த மூட்டையும் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் எல்லோருக்கும் எல்லா வருடமும் இப்படி இல்லை. 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வட்டி, சம்பளம் போன்ற சாதாரண வருமானம் உள்ளவருக்கு வரி இல்லை, அவருக்கு 6.5 முழுசாகவே வரும். 2025-ல் பெரும்பாலான மாதங்கள் விலைவாசி ஏற்றம் 4 சதவீதத்துக்கும் கீழேதான் இருந்தது. அந்த வருடம் எஃப்.டி. போட்டவர் நன்றாகவே ஜெயித்தார்.

பேங்குல போட்டா பத்திரந்தானே?

ஒரு வங்கியில் ஒருவர் பெயரில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன் அது 1 லட்சம்தான். ஒரே வங்கியின் நாலு கிளையில் பிரித்துப் போட்டாலும் ஒரே கணக்காகத்தான் எடுப்பார்கள். 2020 மார்ச்சில் யெஸ் பாங்கில் இரண்டு வாரம் போல 50,000-க்கு மேல் எடுக்க முடியவில்லை. ஆகவே அவசரப் பணத்தை இரண்டு வங்கியில் வையுங்கள்.

நம் பக்கம் இன்னொன்று கவனிக்க வேண்டும். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும் நகரக் கூட்டுறவு வங்கிக்கும் இந்தக் காப்பீடு உண்டு. ஊருக்குள் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் போடும் டெபாசிட்டுக்கு இல்லை. போர்டில் வங்கி என்று இருந்தாலும், சங்கமா வங்கியா என்று கேட்டுக்கொண்டு போடுங்கள்.

சும்மா இருக்கிற காசை நூத்துக்கு ரெண்டு வட்டிக்கு விட்டா?

கொங்கு நாட்டில் பங்குக்குப் போட்டி எஃப்.டி. இல்லை, இதுதான். மாதம் நூற்றுக்கு இரண்டு என்றால் வருடம் 24 சதவீதம். பங்கு என்றால் சூதாட்டம் என்கிறவர், ஒரு துண்டுச் சீட்டை நம்பி 10 லட்சம் கொடுப்பார். எங்கள் அப்பாவும் கொடுத்தார், ஒரு ஃபைனான்சுக்கு. மூன்று வருடம் வட்டி தவறாமல் வந்தது. நாலாவது வருடம் ஷட்டர் திறக்கவில்லை.

2009-ல் திருப்பூரில் பாசி ஃபாரெக்ஸ் மோசடி. 2012-ல் பெருந்துறையில் ஈமு கோழி மோசடி. பாசி வழக்கில், டெபாசிட் மோசடிகளை விசாரிக்கும் கோவை டான்பிட் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 2022-ல். பணம் போட்டவர்கள் பதிமூன்று வருடம் காத்திருந்தார்கள். தெரிந்தவருக்குக் கைமாற்றாகக் கொடுப்பது உங்கள் இஷ்டம். அதை ரொக்கம் என்று மட்டும் எண்ணாதீர்கள்; அவசரத்துக்கு வராத காசு அது.

ஓ.டி. அக்கவுண்ட் இருக்கு. எஃப்.டி.யும் இருக்கு. சரிதானுங்களே?

லிமிட் வரை வங்கிப் பணத்தை எடுத்துக்கொள்ளும் கடன்தான் ஓ.டி. அதற்கு 10 சதவீதம் கட்டிக்கொண்டு பக்கத்துக் கவுண்டரில் 6.5 சதவீதம் வாங்குகிறீர்கள். தொழில் செய்கிறவரின் முதல் ரொக்கம், ஓ.டி.யில் எடுக்காமல் விட்டு வைத்த லிமிட்தான். சும்மா இருக்கும் காசை அதில் கட்டி வையுங்கள், சனிக்கிழமை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் லிமிட்டை வங்கி நினைத்த நேரம் குறைக்கலாம், அதுவும் தொழில் கெட்ட நேரம் பார்த்துக் குறைக்கும். ஆகவே வீட்டுச் செலவுக்கான பணத்தை மட்டும் தனியாக எஃப்.டி.யில் விடுங்கள்.

காடு வித்த பணம் 60 லட்சம் வந்திருக்கு. ஒரே தடவையா பங்குல போடலாமா?

முதலில் வரி. கிராமத்து விவசாயப் பூமி என்றால் வரி இல்லை. நகராட்சி, மாநகராட்சி எல்லையிலிருந்து மக்கள்தொகையைப் பொறுத்து 2, 6, 8 கிலோமீட்டருக்குள் இருந்தால் உண்டு. அவிநாசி, பல்லடம் ரோட்டில் எல்லாம் இந்த எல்லை ஊருக்குள் வந்துவிட்டது. வரிப் பணத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, பங்காளிகள் யாராவது கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசலாம்.

மீதியில் கடன், ஒரு வருடச் செலவு, தேதி வைத்த காரியங்கள் போகட்டும். மிச்சத்தை லிக்விட் ஃபண்டில் போட்டு மாதாமாதம் இவ்வளவு என்று ஒன்றரை வருடத்தில், சென்செக்ஸ் போன்ற குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்டுக்கு மாற்றுவதுதான் நான் சொல்வது. சந்தை ஏறிக்கொண்டே போனால் ஒரே தடவையாகப் போட்டவர் கூடுதலாகச் சம்பாதிப்பார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பரம்பரைப் பூமியை விற்ற பணம் முதல் மாதமே 20 சதவீதம் குறைந்தால் அந்த வீட்டில் என்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும்.

மாசாமாசம் ஃபண்டுக்குப் போற எஸ்.ஐ.பி.யை நிறுத்தட்டுமா?

வருமானம் நின்றால் நிறுத்துங்கள். சந்தை விழுந்தது என்பதற்காக வேண்டாம்.

ஜப்பான் மாதிரி ஆயிட்டா?

நல்ல கேள்வி, யாராவது ஒருவர்தான் கேட்கிறார். ஜப்பானின் பங்குக் குறியீடான நிக்கேய் 1989 டிசம்பரில் 38,900-ஐத் தாண்டியது. அந்த உயரத்தை மறுபடி பார்த்தது 2024 பிப்ரவரியில். 34 வருடம். இங்கே அப்படி நடக்காது என்று எழுதித் தர என்னால் முடியாது. அதனால்தான் தேதி வைத்த பணத்தைப் பங்கில் வைக்காதீர்கள் என்கிறேன். இருப்பதையெல்லாம் ஒரே உச்சத்தில் போட்டவருக்குத்தான் 34 வருடம். மாதாமாதம் போட்டவர் இடையில் இருந்த மட்டமான விலைகளிலும் வாங்கியிருப்பார்.

ரிட்டயர் ஆனவங்க முழுக்க ரொக்கமாகவே வச்சுக்கலாமா?

வட்டியிலேயே செலவு முடிந்து மிச்சமும் விழுகிறதென்றால் தாராளமாக. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், 2023-லிருந்து 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வட்டி. 62 வயதில் ரிட்டயர் ஆகி இன்னும் 25 வருடம் ஓட்ட வேண்டியவர் என்றால் கால்வாசியாவது பங்கில் இருக்கட்டும் என்பேன்.

என் மாமனாருக்கு 74 வயது. போன மாதம் அந்த மஞ்சள் பண எஃப்.டி. முதிர்ந்தது. போன் வந்தது. "மாப்பிள்ளை, சந்தை எப்படி இருக்கு?" மேலேதான் இருக்குங்க மாமா என்றேன். "அப்ப விழட்டும். ரெண்டு வருஷத்துக்குத் திருப்பிப் போட்டுருங்க." நானே பேங்குக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். தோட்ட வருமானமும் வீட்டு வாடகையும் அவர் செலவுக்கு மேலேயே வருகின்றன. அவருக்கு அதுவே சரி.